ட்யூனரில் பச்சை, காதில் கசப்பு

"அண்ணா, ஆறு கம்பியும் சுருதி சரின்னு ட்யூனர்ல பச்சை காட்டுது. ஆனா ஈ மேஜர் பிடிச்சா கேக்கவே முடியல."

பக்கத்து வீட்டுத் தம்பி சாயங்காலம் எலக்ட்ரிக் கிடாரோடு வந்து நின்றான். ஈ மேஜர் என்பது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் ஒரு கூட்டு, அதாவது ஒரு கார்ட்.

ஜி கம்பியை இழுத்து வளைத்து விட்டேன். கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் தங்கும் நட் பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம். கம்பி நட்டில் உள்ள காடியில் (சிறு பள்ளத்தில்) சிக்கி, விட்டு விட்டு நகர்கிறது. பென்சில் கரியைக் காடிக்குள் தேய்த்ததும் சத்தம் போனது, சுருதியும் நின்றது.

அடுத்து பன்னிரண்டாவது ஃப்ரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் பன்னிரண்டாவது. அங்கே லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அழுத்திப் பிடிக்கும் சுரமும் ஒன்றாக இருக்கணும். பிடித்த சுரம் ஏறி இருந்தது. கம்பியின் மறுமுனையைத் தாங்கும் சேடிலைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி, மறுபடி ட்யூன் பண்ணி, திரும்பவும் பார்த்தோம். நல்லவேளை, கம்பி புதுசு. பழைய கம்பியில் எவ்வளவு திருகினாலும் வீண்.

எல்லாம் சரியான பிறகும் ஈ மேஜரில் ஜி கம்பியின் முதல் ஃப்ரெட்டில் பிடிக்கும் அந்த ஜி ஷார்ப் தூக்கலாகவே கேட்கிறது என்றான்.

அவன் காது சரிதான். ஸ்தாயியை 12 சம பங்காகப் பிரித்து ஃப்ரெட் போடுகிறார்கள். அதனால் அந்த சுரம் இயல்பான காந்தாரத்தைவிட சுமார் 14 சென்ட் (அந்த ஒரு பங்கில் நூறில் ஒன்று ஒரு சென்ட்) ஏறித்தான் நிற்கும். தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைக் கேட்டுப் பாட்டு படித்த பையன், அவனுக்குத் தெரியாதா?

ஜி கம்பியைக் கொஞ்சம் இறக்கினால் ஈ மேஜர் இனிக்கும். ஆனால் சி மேஜரில் பிடிக்காமல் ஒலிக்கும் அதே ஜி உறுத்தும். இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.

எந்தப் பாட்டுக்கு எதை விட்டுக்கொடுப்பது என்பதை இனி அவன் காதுதான் சொல்லணும்.