மங்கும் அந்த மூஞ்சி க்ரீமும்

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பங்குனி வெயில் ஏறியதும், கூட்டம் குறையட்டும் என்று காத்து நின்று, முகத்தில் மங்கு (பழுப்புத் திட்டு) விழுந்த சில பெண்கள் மெதுவாகக் கேட்பார்கள்: "அண்ணாச்சி, மங்குக்குப் போடுத க்ரீம் ஒண்ணு தாங்க." டாக்டர் சீட்டு இருக்கா என்றால், "பக்கத்து வீட்டு அக்கா போடுதாவ, நல்லா வெளுத்திருக்கு" என்று பதில் வரும்.

அவர்கள் கேட்கும் க்ரீமில் இருப்பது மூன்று மருந்து. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. அமெரிக்காவில் க்ளிக்மன் என்ற தோல் மருத்துவர் 1975-ல் சக மருத்துவரோடு சேர்ந்து வெளியிட்ட கலவையின் வழியில் வந்தது இது. மருந்தைக் குறை சொல்ல மாட்டேன். டாக்டர் சொன்ன சில வாரங்கள், ராத்திரி மட்டும் பூசி நிறுத்தினால் மங்கு நன்றாகவே குறையும். ஆனால் இங்கே அதைப் பவுடர் மாதிரி வருஷக்கணக்கில் பூசுகிறார்கள். ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரியும், பரு வரும், பெண்களுக்குத் தாடையில் முடிகூட வளரும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே தேடி வருவார்கள். ஹைட்ரோகுவினோனை விடாமல் பூசினால் தோலில் நீலக்கறுப்பாகக் கறை படிந்துவிடுவதும் உண்டு. 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று ஷெட்யூல் எச் என்ற மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நான் தருவதில்லை. வேறு கடையில் கிடைத்துவிடும் என்பதும் தெரியும்.

எனக்கு எரிச்சல் இதில்கூட இல்லை. ராத்திரி க்ரீம் பூசிவிட்டு, மறுநாள் பன்னிரண்டு மணி வெயிலில் வெறும் முகத்தோடு ஸ்கூட்டியில் போகிறார்களே, அதில்தான். மங்கு வருவதற்கு ஹார்மோன், பிள்ளைப்பேறு, குடும்ப வாகு என்று பல காரணம் இருந்தாலும், அதைக் கறுக்க வைப்பது வெளிச்சம். சித்திரை மதியத்தில் நம் பக்கம் வெயிலின் புற ஊதாக் கதிர் வீரியத்தைக் காட்டும் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும், அது மிகமிகக் கடுமை. பஸ் ஜன்னல் கண்ணாடியை மூடினாலும் புற ஊதாவில் யுவிஏ என்கிற வகைக் கதிர் உள்ளே வரும். சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் என்று போட்டிருக்கும் எண் முக்கியமாக யுவிபி என்கிற இன்னொரு வகைக் கதிருக்கான கணக்கு. யுவிஏ-வுக்கு பிஏ என்று போட்டு அதன் பக்கத்தில் உள்ள கூட்டல் குறிகளைப் பார்க்க வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு இதுவும் போதாது, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே கறுக்க வைக்கும். அதைத் தடுக்க அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கிற சன்ஸ்கிரீன் வேண்டும்.

அப்புறம் அளவு. ஆய்வகத்தில் எஸ்பிஎஃப் பார்க்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுவார்கள். நம் முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய சரியாக இருக்கும். அது ஒரு கிராம் அளவுக்கு வரும். 50 கிராம் ட்யூப் தினமும் காலையில் ஒரு தடவை பூசினாலே இரண்டு மாசம் தாண்டாது. வெயிலில் நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். "போன வருஷம் வாங்கினது இன்னும் தீரலை" என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் என்ன சொல்ல?

நல்ல ட்யூப் 400, 500 ரூபாய். நூறு நாள் வேலைக்கோ வயலுக்கோ போகிறவர்களிடம் இதை வாங்கு என்று சொல்ல எனக்கு மனசு வராது. அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி போதும். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற பழைய துண்டு பெரிதாகத் தடுக்காது. நனைத்துப் போட்டால் குளிர்ச்சிதான், பாதுகாப்பு இன்னும் குறையும்.

எலுமிச்சைச் சாறு வைத்தியம் வேண்டவே வேண்டாம். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளம் வந்து, பிறகு திட்டாகக் கறுக்கும். கர்ப்பத்தில் வந்த மங்கு பிரசவத்துக்குப் பின் பலருக்குத் தானே குறையும். அதுவரை சன்ஸ்கிரீனும் குடையும் போதும், மூன்று மருந்து க்ரீம் பக்கமே போகக்கூடாது.

ஏற்கெனவே நாள்பட அந்த க்ரீமைப் பூசுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம். தோல் டாக்டரைப் பாருங்கள், படிப்படியாக நிறுத்தும் வழி சொல்வார். காசு இல்லையென்றால் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது பூசிய ட்யூப்பை, காலியாக இருந்தாலும், கையோடு எடுத்துப் போங்கள். "ஏதோ வெள்ளை க்ரீம்" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது.