பூனை வந்தானா, வந்துச்சா?

ரெண்டு வருஷமா சனிக்கிழமை சாயந்தரம் ஆனா கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டு மொட்டை மாடில அஞ்சு பேர் உக்காந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறோம், டைஸை உருட்டி, ஆளுக்கு ஒரு வேஷமாப் பேசிப் பேசியே ஆடுற கதை விளையாட்டு, நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துறவன், வழில வர்ற கடைக்காரன், காவக்காரன், பூதம், பூச்சி எல்லாத்துக்கும் குரல் குடுக்குறவன். புக்கு எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, நாங்க பேசுறது முழுக்கத் தமிழ். இதுல ஒரு கஷ்டம் இருக்குன்னே எனக்குத் தெரியாம இருந்துச்சு, ஒரு பூனை வியாபாரி கதைக்குள்ள வர்ற வரைக்கும்.

ஸ்கைரிம் ஆடினவங்களுக்குக் காஜீட் தெரிஞ்சிருக்கும். 2011-ல வந்த கேம், அதுல பூனை முகத்தோட ஒரு இனம், ஊருக்கு வெளிய கூடாரம் அடிச்சு யாவாரம் பண்ணுவாங்க, அவங்கள்ல நிறைய பேர் 'நான்'ங்குற வார்த்தையையே எடுக்க மாட்டாங்க. உங்ககிட்ட காசு இருந்தா காஜீட்கிட்ட சரக்கு இருக்குங்குற மாதிரிதான் பேச்சு போகும். எனக்கு அது ரொம்பப் புடிச்ச பேச்சு. நம்ம வீட்லயும் சின்னக் குழந்தைங்க "பாப்பாக்குப் பசிக்குது"ன்னு தன்னையே யாரோ மாதிரி சொல்லும்ல, அந்த அழகும் அதுல இருக்கு, ஆனா காஜீட் சொல்றப்போ குழந்தைத்தனம் இல்லாம ஒரு தந்திரம் தெரியும்.

சரி நம்ம வியாபாரியும் இப்படியே பேசட்டும், பேரு ஜாரான்னு வெச்சுக்கலாம்னு நெனச்சு வாயத் தொறந்தேன், "ஜாரா நேத்து ராத்திரியே இந்த ஊருக்கு வந்..." அங்கயே நின்னுட்டேன். வந்தானா, வந்தாரா, வந்துச்சா? இங்கிலீஷ்காரனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, பேரைப் போட்டாப் போதும், வினைச்சொல்லு யாருக்கு வேணா ஒட்டிக்கும். தமிழ்ல அந்தப் பூனை தன்னைப் பத்தி ஒரே ஒரு வரி சொல்லணும்னாலும், முதல்ல தான் ஆளா மிருகமான்னு முடிவு பண்ணிட்டுத்தான் வாக்கியத்தை முடிக்க முடியும். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண நன்னூல் சூத்திரம் ஞாபகம் வந்துச்சு, "மக்கள் தேவர் நரகர் உயர்திணை", மத்ததெல்லாம் அஃறிணை. 13-ஆம் நூற்றாண்டுலயே பவணந்தி முனிவர் நரகருக்குக் கூட உயர்திணைல இடம் குடுத்துட்டார், பூனை முகத்தோட யாவாரம் பண்றவங்களுக்கு மட்டும் இடம் இல்ல.

அன்னிக்கு ராத்திரி முழுக்க யோசிச்சுட்டு அடுத்த வாரம் இப்படிப் பண்ணேன். ஜாரா தன்னைப் பத்திச் சொல்றப்போ "ஜாரா வந்தார்"னு மரியாதையோட சொல்லுவார். ஊர்க்காரங்க அவரைப் பத்திச் சொல்றப்போ "அந்தப் பூனை வந்துச்சு"ம்பாங்க. இதை நான் யாருக்கும் விளக்கிச் சொல்லல, சும்மா பேசிட்டே போனேன். அஞ்சாவது வாரம் கோட்டை வாசல்ல நிக்கிற காவக்காரன், முன்னாடி "பூனை வந்துச்சு"ன்ன அதே ஆளு, "ஜாரா உள்ளதான் இருக்காரு, போய்ப் பாருங்க"ன்னு சொன்னதும் டைஸை உருட்டப் போன கை அப்படியே நின்னு "இருங்க, இவன் இப்ப 'இருக்காரு'ன்னா சொன்னான்?"னு ஒருத்தர் கேட்டாங்க பாருங்க, ரெண்டு வருஷத்துல எனக்குக் கெடச்ச பெரிய சந்தோஷம் அதுதான். அந்தக் காவக்காரன் மனசு மாறிட்டான்னு ஒரு விகுதி சொல்லிருச்சு.

மாஸ் எஃபெக்ட்ல (அது விண்வெளில நடக்குற கேம், ஆனாலும் சொல்லணும்) ஹனார்னு ஜெல்லி மீன் மாதிரி ஒரு இனம், வெளி ஆளுங்க முன்னாடி 'நான்'னு சொல்லிக்கிறதே தலைக்கனம்னு நெனச்சு 'இந்த ஒன்று'ன்னு தன்னைச் சொல்லும். நம்மகிட்ட 'அடியேன்' இருக்கே, ஆனா அடியேன் எவ்வளவு பணிஞ்சாலும் கடைசில "வந்தேன்"னுதான் முடியும், உள்ள இருக்குற நான் போகாது. அதனால ஹனாருக்கு அடியேன் ஒத்து வராதுங்குறது என் கருத்து.

இன்னொண்ணு, 2009-ல வந்த டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ்ங்குற கேம்ல ஷேல்னு ஒரு கல்லு பூதம். கல்லுதான் இங்க ஆளு, மனுஷன்தான் 'அது'. நம்மளைப் பாத்து "அதுக்கு என்ன வேணுமாம்"ங்குற தோரணைல பேசும். தமிழ்ல இது சுலபமா வந்துரும்னு நெனச்சேன், வரல. ஏன்னா "வந்துச்சு, தூங்குது, சாப்டுச்சா"ன்னு நாம வீட்டுக் குழந்தையையும் சொல்றோம், பக்கத்து வீட்டுப் பொண்ணையும் "நல்லாப் படிக்குது"ன்னு பாசமா சொல்றோம். என் கல்லு பூதம் வாயத் தொறந்தா பாட்டி பேரனைக் கொஞ்சுற மாதிரியே இருந்துச்சு. கடைசில "வந்துச்சு"வை விட்டுட்டு "வந்தது, நிற்கிறது, எதையோ கேட்கிறது"ன்னு எழுத்துத் தமிழ்ல பேச வெச்சேன், உடனே குளிர்ந்து போச்சு குரல்.

தமிழ்லயே கெடைக்கிற வரம்னா நாம - நாங்கதான். கூட்டா வாழுற ஒரு பூச்சி இனம், அதுக்கு 'நான்' கிடையாது, 'நாங்க' மட்டும்தான். நம்ம ஆளுங்களோட எவ்வளவு நாள் சேர்ந்து நடந்தாலும் "நாங்க போறோம், நீங்க வாங்க"ன்னுதான் சொல்லும். அது முதல் தடவை "நாம போலாம்"னு சொல்ற நாள் எப்போன்னு நான் இன்னும் முடிவு பண்ணல, அவசரப்பட மாட்டேன்.

இதெல்லாம் நான் கத்துக்கிட்டதுக்குக் காரணம் ஒரு தப்பு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்குற ஆன்லைன் கேம்ல, 2004-லேர்ந்து, டிரோல்ங்குற பூத இனத்துக்குக் கரீபியன் தீவுப் பேச்சு, குள்ளர்களுக்கு ஸ்காட்லாந்துப் பேச்சு. அதைப் பாத்துப் பழகின நானும் ஆரம்பத்துல கோப்ளினுக்கு (குட்டிப் பூதம் மாதிரி ஒரு இனம்) ஒரு பேச்சு வேணும்னு, ஹார்பர்ல மீன் ஏலத்துல கேட்ட கடக்கரைப் பேச்சை எடுத்து மாட்டிட்டேன். திருட்டுக் கும்பல், அழுக்கு, பேராசை, அதுக்கு அந்தப் பேச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க கூட ஆடுற தேவனாம்பட்டினத்துத் தம்பி மட்டும் சிரிக்கல. முடிஞ்சு கீழ வண்டி எடுக்குறப்போதான் சொன்னான், "அண்ணா, அந்தக் கோப்ளின் பேசுனது எங்க அப்பா பேசுற மாதிரியே இருந்துச்சுண்ணா." வேற ஒண்ணும் சொல்லல. எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல. ஒரு ஊர்க்காரங்க வீட்ல பேசுறதை எடுத்து மனுஷங்க இல்லாத ஒரு கூட்டத்துக்கு வேஷமா மாட்டுனா, அந்த ஊர்க்காரங்களை நாம என்னன்னு சொல்றோம்? மறுநாள் காலைல அவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன், கோப்ளின் பேச்சை மாத்திட்டேன்.

அப்புறம் அவனே ஒரு இனம் உண்டாக்கிட்டு வந்தான், கடல் மனுஷங்க. அவங்க பேசுறது சாதாரணத் தமிழ்தான், ஆனா இடது, வலது, முன்னாடி, பின்னாடி எதுவும் கெடையாது, எல்லாம் காத்து. கெழக்கேன்னா கொண்டல் பக்கம், மேக்கேன்னா கச்சான் பக்கம், வடக்கேன்னா வாடை. "உன் கச்சான் கையில இருக்குற கத்தியைக் குடு"ம்பான், நாங்க மேப்பைத் திருப்பித் திருப்பிப் பாப்போம், ஆளு திரும்பி நின்னா அதே கை கொண்டல் கை ஆயிரும். ஆஸ்திரேலியால கூகு யிமிதிர்னு ஒரு மொழி, அதுல நெஜமாவே இடது வலதுக்குப் பதிலா திசையை வெச்சுத்தான் சொல்லுவாங்க, தம்பிக்கு அது தெரியாது, அவன் அப்பாகிட்ட காத்து பேரு கேட்டு எழுதிட்டு வந்தது அவ்வளவுதான்.

போன வாரம் எல்லாரும் ஒரு குகைக்குள்ள மாட்டிக்கிட்டோம். காத்தே இல்ல. கடல் மனுஷனுக்குப் போற வழி சொல்ல வார்த்தையே இல்லாமப் போச்சு, கால் மணி நேரம் தம்பி ஒரு வார்த்தை பேசல, நானும் அவசரப்படுத்தல. அப்புறம் மெதுவா நாக்குல விரலை நனைச்சுத் தூக்கிப் புடிச்சான், நெஜமாவே, எங்க மாடில, எல்லாரும் பாத்துட்டே இருக்க. பந்தம் எந்தப் பக்கம் சாயுதுன்னு என்னைக் கேட்டான். லேசா ஒரு பக்கம் சாயுது, அதுக்கு எதிர்ப் பக்கத்துலேர்ந்து ஈர வாசனை வருதுன்னு சொன்னேன்.

"கொண்டல்"னான். எழுந்து நடந்தாங்க.