இந்த முறை இவன் யார்?

ஜூன் 2

பழைய சூப்பர் ஹீரோ டீசர்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். இன்று சூப்பர்மேன் படமான 'மேன் ஆஃப் ஸ்டீல்' டீசர், 2012இல் வந்தது. மீன்பிடிப் படகில் வேலை செய்யும் ஒரு தாடிக்காரன், அப்புறம் அவனே சாலையோரம் லிஃப்ட் கேட்டு நிற்கிறான். முதுகில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு இடுப்பில் கைவைத்து நிற்கும் ஒரு சிறுவன். சண்டை இல்லை, வில்லன் இல்லை. கடைசியில்தான் வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒருவன் மேலே போகிறான்.

இதே காட்சிகளை வைத்து இரண்டு டீசர்கள் விட்டார்கள். ஒன்றில் வளர்த்த அப்பாவின் குரல் (கெவின் காஸ்ட்னர்), இன்னொன்றில் பெற்ற அப்பாவின் குரல் (ரஸ்ஸல் க்ரோ). முதலாவதைக் கேட்டால் அந்தப் பையனின் தனிமை கனக்கிறது. இரண்டாவதில் அதே பையன் ஒரு நம்பிக்கையாகத் தெரிகிறான். படம் மாறவில்லை, குரல் மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஜூன் 3

நேற்றைய இரண்டு குரல்களும் மனதை விட்டுப் போகவில்லை. சூப்பர்மேன் எங்கிருந்து வந்தான், பேட்மேனின் பெற்றோருக்கு என்ன ஆனது என்பதெல்லாம் உலகத்துக்கே தெரியும். மற்ற படங்களின் டீசருக்குக் கதையின் ஒரு நுனியைக் காட்டி இழுக்கும் வசதி உண்டு. இங்கே அது கிடையாது. பார்ப்பவர் மனதில் இருப்பது ஒரே கேள்வி: இந்த முறை இவன் எப்படிப்பட்ட ஆள்? அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதையெல்லாம் மறைத்துக்கொள்கிற டீசர்தான் வேலை செய்கிறது என்று தோன்றுகிறது.

ஜூன் 5

1989 'பேட்மேன்' டிரெய்லர். அவசரமாக ஒட்டிச் சேர்த்தது போல இருக்கிறது, பின்னணி இசைகூட இல்லை. ஆனாலும் இதைப் பார்ப்பதற்காகவே வேறு படத்துக்கு டிக்கெட் வாங்கிப் போனவர்கள் உண்டு. காரணம் புரிகிறது. அதற்கு முன் பலர் மனதில் இருந்த பேட்மேன், 1966 தொலைக்காட்சித் தொடரின் கலகலப்பான பேட்மேன். போதாததற்கு நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட மைக்கேல் கீட்டனைத் தேர்ந்தெடுத்ததில் ரசிகர்கள் கொதித்துப்போய்க் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். அந்தப் பயத்தைத் தீர்க்க இருண்ட நகரமும் கறுப்பு உடையும் போதுமானதாக இருந்தன.

ஜூன் 8

'தி பேட்மேன்' டீசர், ஆகஸ்ட் 2020. கொரோனாவால் படப்பிடிப்பு நின்றிருந்த நேரம். ஏறக்குறைய கால்வாசிதான் எடுத்திருந்தார்கள். கையில் இருந்த அந்தக் கொஞ்சத்தை வைத்தே இப்படி ஒன்றைச் செய்தது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

முகத்தில் சாயம் பூசிய ஒரு கும்பல். அதில் ஒருவன் நீ யார் என்கிற மாதிரி கேட்கிறான். பேட்மேன் பதில் சொல்லாமல் அடிக்கிறான். கீழே விழுந்த பிறகும் அடிக்கிறான். இதற்கு மேல் தேவையில்லை என்று நமக்கே தோன்றும்போதும் கை நிற்கவில்லை. அதற்கப்புறம்தான், நான் பழிவாங்கல் என்கிறான். அந்தக் கூடுதல் அடிகளில்தான் உயிர் இருக்கிறது. தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியாத ஒரு ஆள் இவன் என்று ஒரே ஷாட்டில் புரிந்துவிடுகிறது. எடிட்டர் அதை இரண்டு அடியோடு வெட்டியிருந்தால் இன்னொரு சண்டைக் காட்சியாகப் போயிருக்கும். நிர்வாணா இசைக்குழுவின் சோர்ந்த பாடலும் அவனுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

ஜூன் 9

இன்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். 2007இல் வந்த, பேட்மேன் படமான 'தி டார்க் நைட்' முதல் டீசரை அப்படிக் கேட்டால் இழப்பு அதிகமில்லை. அதில் படக்காட்சி எதுவுமே கிடையாது. வௌவால் சின்னம் மெல்லச் சிதைகிறது, பின்னால் குரல்களும் வில்லன் ஜோக்கரின் சிரிப்பும். அவ்வளவுதான்.

2018 டிசம்பரில் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' டீசர் முதல் 24 மணி நேரத்தில் 28.9 கோடி முறை பார்க்கப்பட்டதாக மார்வெல் அறிவித்தது. அதிலும் சத்தம் குறைவு. டோனி ஸ்டார்க் (அயர்ன் மேன்) இருட்டில் தன் தலைக்கவசத்திடம் பேசுகிறார்: சாப்பாடும் தண்ணீரும் தீர்ந்துவிட்டன, காற்று நாளை தீரும். மார்வெல் லோகோகூடத் தூசியாக உதிர்கிறது. முந்தைய படத்தில் தோற்றுப்போன ஹீரோக்கள் எப்படி இருப்பார்கள் என்பதைக் காட்ட இது போதும். போர்க்காட்சியைத் தொடவே இல்லை.

ஜூன் 12

தெரியாத ஹீரோக்கள் என்றால்? 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி', 2014. முதல் டிரெய்லரிலேயே நாயகன் தன் பட்டப்பெயரை கெத்தாகச் சொல்ல, எதிரி "யாரு?" என்கிறான். பார்ப்பவர் கேட்க நினைத்ததை அவனே கேட்டுவிட்டான். பிறகு போலீஸ் வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்கிறார்கள். அழகான யோசனை.

ஜூன் 14

டீசர் பொய் சொல்லலாமா? 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' டிரெய்லரில், வக்காண்டா என்ற கற்பனை நாட்டில் நடக்கும் போரில் ஹல்க் மற்றவர்களோடு ஓடி வருகிறார். படத்தில் அப்படி ஒரு காட்சியே இல்லை. எனக்கு அதில் வருத்தமில்லை, கதையின் திருப்பத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்கள்.

ஆனால் 2016 'சூசைட் ஸ்குவாட்' வேறு விஷயம். குயீன் இசைக்குழுவின் பாடலோடு வந்த டிரெய்லர் அத்தனை கொண்டாட்டமாக இருந்தது, எடுத்து வைத்திருந்த படமோ இருண்டது. பிறகு டிரெய்லர் தயாரித்த நிறுவனத்தையே படத்தின் எடிட்டிங்கிலும் இறக்கியதாக அப்போது செய்தி வந்தது. வந்த படத்தில் இரண்டு மனநிலைகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவது கண்கூடாகத் தெரிகிறது. சம்பவத்தை மாற்றிக் காட்டினால் தியேட்டரில் ஒரு நிமிடத்தில் சமாதானமாகிவிடுவேன். ஆளையே மாற்றிக் காட்டினால் முடியாது.