ஒற்றை நட்சத்திரமா, பல நட்சத்திரமா?

தாத்தா விட்டுச்சென்ற ஆல்பத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஒரு அணா தபால்தலைகள் பதினொன்று இருக்கின்றன. எல்லாம் ஒரே காப்பிக்கொட்டை நிறம். பார்வைக்குத்தான் ஒன்று; பிறப்பு வேறு. 1922இல் வெளிவந்தவை லண்டன் அச்சு. ஒளியில் சாய்த்தால் தாளுக்குள் ஒற்றை நட்சத்திர நீர்க்குறி தெரியும். 1926 முதல் நாசிக்கில் அச்சானவற்றிலோ சின்னச் சின்ன நட்சத்திரங்கள் நிறைய.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது, யாரோ ஒரு சேகரிப்பாளர் சொந்தக் காசில் நடத்திவந்த இணையதளம். தபால்தலைகளின் பின்பக்கங்களைப் பெரிதாக்கிப் படம்படமாகப் போட்டிருந்தார். புக்மார்க் செய்து வைத்ததோடு சரி, பல ஆண்டுகள் எட்டிப் பார்க்கவில்லை. 2024 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு அதை அழுத்தினேன்.

திரை முழுக்கச் சிவப்பு. கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று ஒரு குரல் வேறு அலறியது. மூடும் பொத்தானையே காணவில்லை. கை தொலைபேசியை நோக்கிப் போனது உண்மை. நல்ல வேளையாக மகள் பக்கத்தில் இருந்தாள். "அப்பா, வைரஸ் வந்தால் அது போன் நம்பரா கொடுக்கும்?" என்று கேட்டுவிட்டு, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, திறந்த டாஸ்க் மேனேஜரிலிருந்து உலாவியையே மூடினாள்.

நடந்தது பிறகுதான் புரிந்தது. தளத்தின் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த மனிதர் கட்டவில்லை. ஒருவேளை அவரே இல்லையோ என்னவோ. காலாவதியான பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். என்னைப் போன்றவர்களின் பழைய புக்மார்க்குகள்தான் அவர்களுக்கு மூலதனம்.

அன்றிரவு இன்னொரு உறுத்தல். அந்தத் தளத்தில் பதிவு செய்தபோது கொடுத்த கடவுச்சொல்லைத்தான் தபால்தலை ஏலக் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தேன். முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றினேன். மின்னஞ்சல் கைமாறினால் மற்ற எல்லாக் கணக்குகளையும் அதை வைத்தே திறந்துவிடலாம். இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டேன். ஏலக் கணக்கு அடுத்து.

படங்களைத் தேடி, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைத் தேதிவாரியாகச் சேமித்து வைக்கும் காப்பகமான வேபேக் மெஷினுக்குப் போனேன். பழைய முகவரியைப் புக்மார்க்கிலிருந்து திறக்காமல் நகலெடுத்து அங்கே ஒட்டினால், மேலே ஆண்டுகளின் வரிசை, கீழே நாட்காட்டி. எடுத்த எடுப்பில் கடைசி ஆண்டைத் தொட்டுத் தவறு செய்தேன். அதில் எல்லாம் பச்சை வட்டங்கள். பச்சை என்றால் அந்தப் பக்கம் வேறெங்கோ திருப்பி விடுகிறது என்று பொருள். தளம் கைமாறிய பிறகு சேமிக்கப்பட்டவை. பக்கம் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டதைக் காட்டும் நீல வட்டங்கள் கிடைக்கும்வரை பின்னோக்கிப் போக வேண்டியிருந்தது. எழுத்து அப்படியே இருந்தது. படங்கள்தான் பாதிக்குமேல் வெறும் கட்டங்கள். ஒரு தேதியில் இல்லாத படம் இன்னொரு தேதியில் இருந்தது. பொறுக்கிப் பொறுக்கி மூன்று வாரம் ஓடியது. கிடைத்ததையெல்லாம் பிடிஎஃப் ஆக்கி, வன்தட்டில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று வைத்தேன். அதே ஆண்டு அக்டோபரில் அந்தக் காப்பகமே தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாள் முடங்கியது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட பயனர் விவரங்கள் கசிந்ததாகச் செய்தி வந்தது. காப்பகத்துக்கே காப்பு தேவைப்படும் காலம்!

படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கறுப்புத் தட்டில் தபால்தலைகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்பது நாசிக், இரண்டு லண்டன். நாசிக்கில் ஒன்றின் நட்சத்திரங்கள் தலைகீழாக இருப்பதுபோல் ஒரு சந்தேகம். அதற்கான படம் மட்டும் எந்தத் தேதியிலும் அகப்படவில்லை. அந்தத் தபால்தலையை ஆல்பத்தில் ஒட்டாமல் தனி உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.