படர் கற்றாழை: வெட்ட வெட்டத்தான் அழகு

சோற்றுக்கற்றாழை வளர்த்த பழக்கத்தில் படர் கற்றாழையையும் தொட்டியில் நட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். இரண்டு வருடத்தில் கீழே மொட்டைத் தண்டு, உச்சியில் நாலு இலை என்று நிற்கும். செடியில் குறையில்லை. இது கொடி, கொடிக்குக் கத்தரி வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதிப் புதர்க்காடுகள்தான் இதன் தாயகம். அலோ சிலியாரிஸ் என்றிருந்த பெயரை 2013இல் அலோயாம்பெலோஸ் சிலியாரிஸ் என்று மாற்றினார்கள்; நர்சரிகளில் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது. வாங்கும்போது இலை தண்டைத் தழுவும் இடத்தைப் பாருங்கள். வெள்ளை முடிபோல ஒரு விளிம்பு இருக்கும், அதுதான் அடையாளம். ஆரஞ்சுச் சிவப்பில் குழல் பூக்கள், நுனியில் பச்சை கலந்த மஞ்சள்.

நடுவதற்கு 12 அங்குலத் தொட்டி போதும், அடியில் துளை கட்டாயம். தோட்ட மண் 2 பங்கு, பருமணல் 2 பங்கு, மட்கிய தொழு உரம் 1 பங்கு. உரத்தைக் கூட்டினால் தண்டு கொழுகொழுவென்று நீண்டு துவளும், பூ குறையும். நேரடி வெயில் தினமும் 5 மணி நேரமாவது வேண்டும். நிழலில் வளர்ந்த செடியை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும். இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பழக்குங்கள்.

இலை மெல்லியது, சேமிப்பு குறைவு. அதனால் மற்றக் கற்றாழைகளைவிடக் கொஞ்சம் அடிக்கடி தண்ணீர் கேட்கும். மேல்மண் 5 செ.மீ. ஆழம் காய்ந்ததும் நன்றாக ஊற்றுங்கள். இலை நுனி சுருங்கிக் காய்ந்தால் தாகம். அடித்தண்டு மஞ்சளாகிக் குழைந்தால் வேர் அழுகல். அந்தச் செடியைக் காப்பாற்றுவதைவிட மேலே நல்ல தண்டை வெட்டி நடுவதே மேல்.

இதற்குப் பற்றுக்கம்பி கிடையாது, சுற்றியும் ஏறாது. பின்னோக்கி வளையும் இலைகளையும் சிறு பற்களையும் கொக்கியாக்கித் தொற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். வேலியில் ஏற்றினால் துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு சட்டென்று ஒடியும், வலிந்து வளைக்காதீர்கள். ஒடிந்தால் நஷ்டமில்லை, அதுவும் நாற்றுதான்.

கவாத்துக்குப் பூ முடிந்த நேரம் சரி. மிகப் பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை, தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. விட்டு வெட்டுங்கள். வெட்டுக்குக் கீழே புதுத் துளிர்கள் வந்து அடி நிறையும். மொத்தத்தையும் ஒரே தடவையில் மொட்டையடித்தால் அடுத்த பூவுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டும்.

வெட்டியதில் 20 செ.மீ. நுனித் துண்டுகளை எடுத்து, கீழ் இலைகளை உரித்து, நிழலில் 4, 5 நாள் காயவிடுங்கள். காயம் ஆறாமல் நட்டால் அழுகும், பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். பிறகு 6 செ.மீ. ஆழத்தில் மணற்பாங்கான கலவையில் நடவும். மெதுவாக இழுத்துப் பார்த்தால் பிடித்து நிற்கிறதா? வேர்விட்டுவிட்டது.

மாவுப்பூச்சி இலைக்கக்கத்தில் ஒளியும். ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தால் தீரும். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேனுக்கு. இலையடியிலோ பூந்தண்டிலோ சொரசொரப்பான கட்டி புடைத்தால் அதன் வேலை. பேன் கட்டிக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து எட்டாது. கட்டிக்குக் கீழே நல்ல தண்டோடு சேர்த்து வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்; உரக்குழியில் போடாதீர்கள். கத்தியையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். அந்தச் செடியிலிருந்து, பார்க்க நன்றாயிருக்கும் கிளையானாலும், யாருக்கும் துண்டு கொடுக்காதீர்கள்.