நூற்றுக்கு நூறு தோர்பிஞ்ஞா

இத்தாலியப் படங்களில், இங்கே குடியேறிய தமிழர் எங்களைப் போல ஒரு முகம் வந்தால் நான் முதலில் கையைத்தான் பார்ப்பேன். ரோசாப்பூ விற்கிற கையா, கிழவியின் சக்கர நாற்காலியைத் தள்ளுகிற கையா? ஒரு வசனம் சொல்லிவிட்டு அந்த முகம் போய்விடும். சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில் நானும் வயதான ஒரு சின்யோராவை, அதாவது இத்தாலிய அம்மாவை, பராமரிக்கிற ஆள்தான், அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற என்னை எந்தப் படத்திலும் கண்டதில்லை.

போன ஞாயிறு மகள் எங்களைப் பிடித்து உட்காரவைத்துப் போட்ட படம் ‘பங்களா’ (மாளிகை இல்லை, இத்தாலியில் பங்களாதேஷ்காரரைக் கூப்பிடுகிற பெயர்). 2019இல் வந்தது. ஃபைம் புயான் இயக்கி, தன் பெயரிலேயே நாயகனாகவும் நடித்திருக்கிறார். பெற்றோர் பங்களாதேஷ்காரர், பிறந்தது ரோமில். 2020இல் புதிய இயக்குநருக்கான தாவித் தி தொனத்தெல்லோ என்ற இத்தாலியத் திரைப்பட விருதும் வாங்கினார்.

இடம் ரோமின் கிழக்குப் பக்கத்துத் தோர்பிஞ்ஞத்தாரா, செல்லமாகத் தோர்பிஞ்ஞா. பையன் மியூசியத்தில் வேலைக்கு நிற்கிறான், ஒரு இசைக்குழுவில் வாசிக்கிறான். ஆசியா என்ற இத்தாலியக்காரியைப் பிடித்துப்போகிறது. (ஆசியாவிலிருந்து போன குடும்பத்துப் பையனுக்கு ஐரோப்பாவில் கிடைத்த ஆசியா!) அவன் முஸ்லிம், மார்க்கப்படி கல்யாணத்துக்கு முன் ஒன்றும் கூடாது. உடம்பு கேட்கிறதாக இல்லை. அவ்வளவுதான் கதை.

எனக்குப் பிடித்தது, அவன் நல்ல பிள்ளை இல்லை என்பது. சோம்பேறி, பயந்தாங்கொள்ளி. எங்களைப் பார்த்துப் பாவப்படுங்கள் என்று படம் யாரிடமும் கெஞ்சவில்லை. தான் பாதி பங்களா, பாதி இத்தாலியன், நூற்றுக்கு நூறு தோர்பிஞ்ஞா என்று கணக்குச் சொல்கிறான். அவன் பேசுகிற ரோமப் பேச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை. மகள் எனக்கு முன்னமே சிரித்துவிடுகிறாள், பிறகு எனக்கு விளக்கம் சொல்கிறாள்.

அவள் பலெர்மோவில் பிறந்தவள். பல்லரோ சந்தையில் மீன்காரனோடு அவள் சண்டை பிடித்தால், கண்ணை மூடிக் கேட்கிறவருக்கு அவன் தங்கச்சி என்றுதான் தோன்றும். இருந்தும் அவள் இன்னும் இத்தாலியக் குடிமகள் இல்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை 18 வயது வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகு ஒரே ஒரு வருடம்தான் அவகாசம், பிறந்ததிலிருந்து இடைவிடாமல் இங்கே சட்டப்படி வசித்ததையும் காட்ட வேண்டும். வருகிற தை மாதம் அவளுக்குப் பதினெட்டு. பத்திரங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன்.

குறையும் உண்டு. அந்த வீட்டுத் தாயைப் பற்றி எனக்கு இன்னும் அறிய ஆசை இருந்தது. பையனின் மனக்குழப்பத்துக்குக் கிடைத்த நேரத்தில் கால்வாசி அவளுக்குக் கிடைத்திருந்தாலும் போதும். அடுத்த படத்தைத் தாய் எடுக்கட்டும் என்றாள் மகள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது லண்டன் விஷயம். குடும்பம் லண்டனுக்குப் போக நினைக்கிறது, பையனுக்கு மனமில்லை. எங்கள் தெருவிலும் இதே கதைதான். இத்தாலியப் பாஸ்போர்ட் கையில் வந்ததும், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்கு முன்னர், எத்தனை தமிழ்க் குடும்பங்கள் லண்டனுக்குக் கிளம்பின! பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், கோயில் இருக்கிறது, சொந்தம் இருக்கிறது என்றார்கள். என் சின்னம்மாவின் பேரன் பதினைந்து வயதில் போனான். அங்கே இப்போது அவனை ‘இத்தாலியன்’ என்று கூப்பிடுகிறார்களாம். இங்கே இருக்கும்போது ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

என் வீட்டுக்காரர் படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் குறட்டை. லண்டன் என்ற சொல் காதில் விழுந்ததும் எழும்பி, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “தகப்பன் சொல்றது சரிதானே” என்றார். மகள் ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.