எரிந்த வழக்கேட்டின் பிரதிகளைத் தேடி

எங்கள் அம்மம்மாவைப் பெற்றவர் யார் என்று கேட்டால் வீட்டில் வரும் பதில் ஒன்றுதான்: “புளியடி வளவுப் பெத்தா.” அவருடைய பெயர் என்ன என்று கேட்டால் ஆளை ஆள் பார்ப்பார்கள். ஆனால் ஒரு விசயத்தில் எல்லாரும் ஒரே வாயாக நின்றார்கள். பரம்பரை முழுக்க அந்தப் பங்கு வழக்கில் எழுதியிருக்கிறது, போய் எடுத்துப் பார் என்றார்கள்.

அது 1950களில் கிழக்கிலங்கையில் திருக்கோவிலை அடுத்த தம்பிலுவில் பக்கத்துத் தென்னங்காணி ஒன்றுக்காக அம்மம்மாவின் சகோதரங்கள் பேசிய வழக்கு. காணியின் முதல் சொந்தக்காரர் யார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், வாரிசு இல்லாமல் செத்தவர் யார், அவருடைய பங்கு எப்படிப் பிரிந்தது என்பதையெல்லாம் பங்கு வழக்கில் படிப்படியாகச் சொல்லியாக வேண்டும். சட்டத்தரணிமார் கொடிவழி வரைந்தே காட்டுவார்கள். அதனால் வீட்டார் சொன்னது சரிதான். வழக்கேடுதான் இல்லை. நான் போன நீதிமன்றத்தின் பழைய பதிவறை யுத்த காலத்தில் எரிந்துவிட்டது. 1978 நவம்பர் சூறாவளியில் நனைந்து போனவை வேறு. அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர், “வீணாக அலையாதீர்கள்” என்று வெளிப்படையாகவே சொன்னார்.

பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நம் நாட்டில் அரசாங்கக் காகிதம் எதுவும் ஒரு கந்தோரோடு நிற்பதில்லை. ஓர் இடத்தில் எழுதினால் இன்னோர் இடத்துக்குப் பிரதி போகும். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கங்களில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

காணியில் பங்கு வழக்குப் போட்டால், இந்தக் காணியில் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று காணிப் பதிவகத்திலும் பதிய வேண்டும். சட்டத்தரணிமார் அதை லிஸ் பெண்டன்ஸ் என்பார்கள். வழக்கேடு எரிந்தாலும் அந்தப் பதிவு எரிவதில்லை, ஏனென்றால் அது வேறு கட்டடத்தில் இருக்கிறது. அம்பாறை மாவட்டக் காணி என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். அதற்கு முந்தைய காலத்துக்குத் திருக்கோவிலும் கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டமே. கல்முனையில் காணிப் பதிவகம் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. உங்கள் ஊருக்குரிய பழைய பக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

பதிவகத்தில் ஆளின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, காணியைச் சொல்ல வேண்டும். ஊர், காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லை, முடிந்தால் ஏதாவது ஓர் உறுதியின் (காணிப் பத்திரத்தின்) இலக்கம். மாமா ஒருவரின் அலுமாரியில் கிடந்த பிற்கால உறுதி ஒன்று எனக்கு உதவியது. அதிலிருந்து பதிவேட்டுப் பக்கம் கிடைத்தது. ஒரு பக்கம் நிரம்பினால் அடுத்ததற்குத் தொடுப்பு எழுதியிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் 1950களின் வழக்குப் பதிவும், அதற்கு மேலே பழைய சீதன உறுதிகளும் வரிசையாக இருந்தன. நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதிக்கும் ஒரு பிரதி பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே, சூறாவளியிலும் சுனாமியிலும் வீட்டு உறுதி போனவர்களுக்கும் அங்கே பிரதி கிடைக்க இடமுண்டு.

இந்தச் சீதன உறுதிகள்தான் மட்டக்களப்பாருக்குக் கிடைத்த பெரிய கொடை. வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு என்பது நம் வழக்கம். அதனால் தாய்க்கு எப்படிக் கிடைத்தது, மகளுக்கு எந்த உறுதிப்படி போனது என்பது ஒவ்வொரு காகிதத்திலும் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் பாட்டனாரின் பெயருக்குக் கூடு உண்டு, பாட்டிக்குக் கிடையாது. காணி உறுதியிலோ பாட்டிதான் முதல் ஆள். தகப்பன் வழியாகத் தேடினால் ஒரே ஊரில் பத்துக் கணபதிப்பிள்ளைகள் வருவார்கள். இன்னும் பின்னே போகிறவர்களுக்கு ஒன்று: முன்பு இங்கே இருந்த முக்குவர் சமூகத்தின் வழமைச் சட்டப்படி, முன்னோர் வழி வந்த முதுசச் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்தான் அதை மாற்றியது. அதற்கு முந்தைய காகிதத்தில் மருமகன், அதாவது சகோதரியின் மகன், சொத்துப் பெற்றால் மகன் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அம்மம்மாவின் சீதன உறுதியில் அவருடைய தாயாகக் கையொப்பத்துக்குப் பதில் பெருவிரல் அடையாளம் வைத்த பெண்ணின் பெயர் இருந்தது. ஆனால் பழைய உறுதி ஒன்றில் பூட்டனின் மனைவியாக வேறொரு பெயர். இரண்டு பெண்களுக்கும் தகப்பன் ஒருவரே. அக்கா இறந்தபின் தங்கையைக் கட்டி வைப்பது ஊரில் புதினமில்லை, அதுதான் நடந்திருக்கிறது என்று புரிந்தது. சரி, அம்மம்மா அக்காவின் பிள்ளையா, தங்கையின் பிள்ளையா?

அம்மம்மாவின் பிறப்புப் பதிவு கிடைத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். அவர் உத்தேச வயதுச் சான்றிதழில் காலம் தள்ளியவர். ஆகவே இறப்புப் பக்கமாகப் போனேன். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளில் ஒரு பிரதி மாவட்டத்திலும் இன்னொன்று கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள மத்திய பதிவறையிலும் இருக்கும். மாவட்டப் பிரதி அழிந்திருந்தால் அங்கே தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் காலத்தையாவது ஒடுக்கிக் கொடுக்க வேண்டும். “யுத்தத்துக்கு முந்தி” என்று சொன்னால் யாரும் புத்தகத்தைத் திறக்க மாட்டார்கள்.

காலத்தைத் தந்தது கல்வெட்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளுக்கு அவர் நினைவாகப் புத்தகம் அச்சடிக்கிறோமே, அதுதான். மாமி ஒருவர் தன் தாயின் கொப்பியில் பழைய திதி வெண்பா ஒன்றைப் பார்த்து எழுதி வைத்திருந்தார். மூத்த பெத்தா, அதாவது அக்கா, மறைந்தது தாது வருடம், மாசி மாதம், பூர்வபட்சம். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும். தாது என்றால் 1876, 1936, 1996 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்குவது. நமக்குப் பொருந்துவது நடுவில் உள்ளது, அதன் மாசி வருவது 1937 பெப்ரவரி, மார்ச்சில். இதை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தபின் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்த பிரதியில் பெயர், வயது, பெற்றோர் பெயர் எல்லாம் இருந்தன. அம்மம்மாவுக்கு அப்போது ஏழெட்டு வயது. ஆக, பெற்றவர் அக்காதான் என்று பட்டது.

பட்டதை நிறுவ வேண்டுமே. தங்கையும் 1937க்கு முன்னமே வந்திருந்தால் என்ன செய்வது? இந்த முடிச்சை அவிழ்த்தது பழைய அரசாங்க வர்த்தமானி, கசற் என்போமே. ஓரளவு சொத்துள்ள ஒருவர் இறந்தால் மரணச் சொத்து வழக்கு நடக்கும். அதில் நீதிமன்றம் இடும் முதற்கட்டளையை அந்தக் காலத்தில் வர்த்தமானியில் போட்டார்கள். மனுதாரர், எதிர்மனுதாரர்களாக வாரிசுகள், சிறுவர்களுக்கு நியமித்த பாதுகாவலர், ஊர் எல்லாம் அதில் அச்சாகின. நீதிமன்றம் எரிந்தாலும் அச்சான கசற்றை யார் எரிக்க முடியும்? பழைய தொகுதிகள் கொழும்பு தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன. எல்லாம் ஆங்கிலத்தில். மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றம் என்ற தலைப்பை ஆண்டு ஆண்டாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும், கண் பூத்துவிடும். ஒரே பெயரைப் பல விதமாக எழுதியிருப்பார்கள், வாய்விட்டு வாசித்துப் பார்த்தால்தான் பிடிபடும். பூட்டன் இறந்தது நாற்பதுகளின் நடுப்பகுதி என்று தெரிந்திருந்ததால் தப்பினேன்.

அறிவித்தலில் மனுதாரர் தங்கை, விதவையாக. அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாவலர். அம்மம்மாவுக்கும் அவருடைய தமையனுக்கும் வேறொரு பாதுகாவலர், மண்டூரைச் சேர்ந்தவர். சிற்றன்னைக்கும் மூத்தவரின் பிள்ளைகளுக்கும் சொத்தில் முரண் வரலாம் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மண்டூருக்குக் குருமண்வெளிப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறிப் போனேன். கோயிலடியில் விசாரித்தால் வீடு தெரிந்துவிடும், அந்தப் பக்கத்தில் இன்னும் குடியை, அதாவது தாய்வழிக் குலத்தை, சொல்லி ஆளை அடையாளம் காட்டுகிறார்கள். பாதுகாவலர் அந்தப் பெண்களுக்கு அண்ணன் முறை. அவருடைய மகள், தொண்ணூறை நெருங்கியவர், வெற்றிலைத் தட்டோடு திண்ணையில் இருந்தார். அக்கா, தங்கை இருவரின் பெயரையும் நான் வாய் திறக்குமுன் சொன்னார். எந்த வளவு யாருக்குப் போனது, எந்தத் திருவிழாவில் எங்கள் குடிக்குப் பங்கு, யார் எந்தச் சண்டையில் பேச்சை நிறுத்தினார்கள், எல்லாம் வந்தது. நான் அக்காவின் வழி என்று கண்டுபிடித்த கதையைப் பெருமையாகச் சொன்னேன்.

“ரெண்டு பேரும் ஒரு வயிறுதானே மனே. இதுக்கா கொழும்புக்குப் போனாய்?” என்றார்.

அவர் கணக்கில் அது சரி. குடி தாய் வழியில் வருவதால் அக்கா பிள்ளையும் தங்கை பிள்ளையும் ஒரே குடி, ஒரே வயிற்றுவார். அதனால்தான் இந்த வேறுபாட்டை ஊர் நினைவில் வைக்கவில்லை போலும். ஆனால் கோட்டுக்கும் காணிப் பதிவகத்துக்கும் அந்த வேறுபாடு தேவைப்பட்டது, எழுதி வைத்தார்கள். ஆகவே காகிதத்தை முடித்துவிட்டுத்தான் வயதானவர்களிடம் போக வேண்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்குங்கள், காகிதம் இன்னும் கொஞ்சம் பொறுக்கும்.

உறுதிகளின் பிரதி, இறப்புப் பதிவு, கசற் பக்கம் எல்லாவற்றையும் போட்டோக் கொப்பி எடுத்து அம்மாவின் தமையனுக்குக் கொடுத்தேன். அம்மம்மா கடைசிவரை சிற்றன்னையைத்தான் அம்மா என்று சொல்லி வாழ்ந்தவர், அவருடைய பிள்ளைகளும் அப்படியே நம்பியவர்கள். மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டு எல்லாவற்றையும் வாசித்தார். “கசற்காரன் பிழையாக அடித்திருப்பான்” என்று சொல்லிவிட்டு, பிரதிகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கேட்டால் இன்னும் தருகிறார் இல்லை.